கையளவு கணினிக்கும் புழுங்கும்

80 டிகிரி செல்சியஸ். ராஸ்பெரி பை எனும் கையளவு கணினியின் சில்லு இந்த அளவைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். 85 டிகிரியைத் தொட்டால் இன்னும் கடுமையாகக் குறைக்கும். சில்லு கெட்டுப்போகாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. மணி அடிக்காது. கணினி நின்றும் போகாது. திரை இணைத்திருந்தால் மூலையில் சிறிய வெப்பமானிப் படம் ஒன்று தோன்றும். திரையே இல்லாமல் தொலைக்காட்சிக்குப் பின்னால் கிடக்கும் கணினி என்றால், அது மெதுவாகிவிட்டது என்பதே யாருக்கும் தெரியாது.

கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு இந்த ஒரு விவரம் கடந்த விடுமுறை முழுவதையும் வேலையாக்கிவிட்டது. காரணம் என் பாட்டி.

பாட்டிக்கு 78 வயது. மேற்கு நோக்கிய மூவறை வீவக வீட்டில் தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டும்வரை தரையிலேயே இருந்தார். அதன்பின் அப்பா கேமரா பொருத்தலாம் என்றார். கடைகளில் கிடைக்கும் கேமராக்கள் பலவும் படத்தை இணையம் வழியாக எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பி வைப்பவை. பாட்டி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "நான் சேலை மாத்துறது, சாமி கும்புடுறது எல்லாம் ஊரு பேரு தெரியாத இடத்துக்குப் போகணுமா? விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் நானும் என் வகுப்பு நண்பர்கள் இருவரும் எங்கள் பாடத் திட்டப்பணிக்கு இதையே எடுத்துக்கொண்டோம். கேமரா காணும் படம் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அங்கேயே இருக்கும் சிறு கணினி அந்தப் படத்தில் தோள், இடுப்பு, முழங்கால் எங்கே இருக்கின்றன என்று கணித்து, அவை சட்டென்று தரைமட்டத்துக்கு இறங்கினால் மட்டும் எங்கள் கைப்பேசிகளுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்ப வேண்டும். படம் எங்கும் சேமிக்கப்படாது.

தொலைவில் உள்ள பெரிய கணினி செய்யும் வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்தால், அந்த வேலையின் வெப்பமும் வீட்டுக்குள் வந்துவிடும். அதைத்தான் நாங்கள் பிறகு படித்தோம்.

பிற்பகல் மூன்று மணிக்கு என்ன நடந்தது?

நாங்கள் பயன்படுத்தியது ராஸ்பெரி பை 4. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. நான்கு கோர்கள், 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகம். கேம்பிரிட்ஜில் பிறந்த இந்தக் கணினிக் குடும்பத்தின் முதல் பலகை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தபோது அதில் ஒரே ஒரு கோர், 700 மெகாஹெர்ட்ஸ் வேகம். அதற்குக் குளிரூட்டல் என்ற பேச்சே எழவில்லை. வேகம் கூடக் கூடத்தான் சூடும் கூடியது.

எங்கள் நிரல் காலையில் விநாடிக்கு எட்டுப் படங்களைப் பார்த்துக் கணித்தது. பாட்டி வீட்டுக் கூடத்தில் மெத்தை ஒன்றைப் போட்டு, குழுவில் இருக்கும் மலாய் நண்பர் அதன்மேல் திரும்பத் திரும்ப விழுந்து காட்டினார். (பாட்டிக்கு அன்று நல்ல பொழுதுபோக்கு. நடுநடுவே அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.) ஏறத்தாழ எல்லா முறையும் செய்தி வந்தது. அதே சோதனையைப் பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தபோது பாதியளவு தவறிப்போனது.

நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆளும் அவர்தான், மெத்தையும் அதுதான். மாறியிருந்தது வெப்பநிலை மட்டுமே. சில்லு 82 டிகிரியில் நின்றது, வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, சற்று ஏறி, மீண்டும் இறங்கிக்கொண்டிருந்தது. விநாடிக்கு எட்டாக இருந்த படங்கள் ஐந்தாகிவிட்டன. ஒருவர் விழுந்து முடிக்க ஒரு விநாடிகூட ஆவதில்லை. அந்த இடைவெளியில் கணினி கண் சிமிட்டிவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பலகையைக் குறைசொல்ல முடியாது. தன்னைக் காத்துக்கொள்ள அதற்குச் சொல்லப்பட்டதை அது ஒழுங்காகச் செய்தது. ஆனால் பாட்டி தூங்கி எழுந்து, பாதித் தூக்கத்தில் குளியலறைக்குப் போகும் நேரமும் பிற்பகல் மூன்று மணிதான்.

வெயில் வேறு, புழுக்கம் வேறு

முழு வேலையில் இருக்கும்போது பை 4 எடுத்துக்கொள்ளும் மின்சக்தி ஏறத்தாழ 6 வாட். கூடத்தில் எரியும் எல்இடி விளக்கே பெரும்பாலும் அதைவிட அதிகம் எடுக்கும். அப்படியிருக்க இவ்வளவு சூடு ஏன்? அந்த வெப்பத்தில் பெரும்பகுதி கட்டைவிரல் நுனியளவே உள்ள ஒரு சில்லிலிருந்து வருகிறது. அளவு சிறிது, இடம் அதைவிடச் சிறிது.

வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் ஓடும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாக ஓடும். இங்கிலாந்தில் 20 டிகிரி அறையில் ஒருவர் இதே பலகையைச் சோதித்தால் 80 என்ற எல்லைவரை அவருக்கு 60 டிகிரி இடம் இருக்கிறது. நமக்குப் பிற்பகலில் அறையே 31, 32. மேற்கு வெயில் விழும் வீட்டில் தொலைக்காட்சி அலமாரிக்குப் பின்னால் இன்னும் கூடுதல். இணையத்தில் வெளிநாட்டார் "விசிறி தேவையே இல்லை" என்று எழுதுவதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூரில் பதிவான மிக அதிக வெப்பநிலை 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவிலும், 2023 மே மாதம் அங் மோ கியோவிலும் அந்த அளவு பதிவானது. பை 4 இயங்குவதற்குச் சுற்றுப்புறம் 50 டிகிரிவரை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பு சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் சுற்றுப்புறம் என்பது கூடத்துக் காற்று அல்ல, பலகையைச் சூழ்ந்திருக்கும் காற்று. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது வேறு உலகம்.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. வெயில் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு. பெட்டிக்குள் நடந்தது புழுக்கம். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். அது நகர்ந்தால்தான் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். நகராத காற்று கம்பளிப் போர்வை மாதிரி.

ஒரு வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். நமக்குப் புழுங்குவதற்குக் காற்றின் ஈரப்பதம் பெரிய காரணம், வியர்வை உலராததால். சில்லு வியர்ப்பதில்லை, ஈரப்பதம் அதன் சூட்டை அவ்வளவாகக் கூட்டாது. ஆனால் யாராவது கெட்டிக்காரத்தனமாகப் பனிக்கட்டிப் பையை அதன்மேல் வைத்தால் நம் ஊர் ஈரப்பதம் தன் வேலையைக் காட்டும். காப்பிக் கடையில் ஐஸ் மைலோ கோப்பையின் வெளிப்புறம் நனைவதைப் போலப் பலகையும் நனையும். "ஈரத்துணி சுத்தி வச்சா என்ன? மண்பானைத் தண்ணி எப்படிக் குளுந்து போகுது?" என்று பாட்டி கேட்டார். இந்த ஈரப்பதத்தில் மண்பானையே திணறும் என்பதையும், மின்சாரமும் தண்ணீரும் சேரக்கூடாது என்பதையும் விளக்க அரை மணி நேரம் ஆனது.

முதலில் நோயைக் கேளுங்கள்

உங்கள் பலகை மெதுவாகிவிட்டால் உடனே விசிறி வாங்க ஓட வேண்டாம். ராஸ்பெரி பையில் இரண்டு சிறிய கட்டளைகள் உள்ளன. ஒன்று சில்லின் வெப்பநிலையைச் சொல்லும். மற்றொன்று, வேகம் குறைக்கப்பட்டதா, குறைக்கப்பட்டிருந்தால் ஏன் என்பதை ஓர் எண்ணாகத் தரும். விடை சுழியம் என்றால் எல்லாம் நலம். சுழியம் இல்லையென்றால் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்து, இப்போது நடப்பதையும் கணினி இயக்கப்பட்டதிலிருந்து எப்போதாவது நடந்ததையும் தனித்தனியே அறியலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், பலகை மெதுவாவதற்கு வெப்பம் மட்டுமே காரணமல்ல. மின்னழுத்தம் குறைந்தாலும் அது வேகத்தைக் குறைக்கும். பழைய கைப்பேசி மின்னூட்டியையும் மெல்லிய கம்பியையும் மாட்டிவிட்டு, "சூடாகிறது" என்று விசிறி வாங்கி, அந்த விசிறியும் அதே மின்சாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ள, நிலைமை இன்னும் மோசமாவதைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் பலகையில் மின்னழுத்தம் சரியாகவே இருந்தது. வெப்பம்தான்.

பிறகு ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்தோம். அறை 31 டிகிரி, வேலை அதே வேலை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். பெட்டியின் மூடியைக் கழற்றியதும் 82 என்பது 78 ஆனது. பலகையைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தியதும் இன்னும் மூன்று டிகிரி இறங்கியது. காசே செலவில்லாத வைத்தியம் இது. சூடான காற்று மேலே எழும். நிற்கும் பலகையின் இரு பக்கமும் அதற்கு வழி கிடைக்கிறது.

அடுத்து, சில்லின் மேல் ஒட்டும் அலுமினியத் துண்டு. சீப்புப் பற்கள் போன்ற அதன் வரிசைகளின் வேலை ஒன்றே ஒன்றுதான், காற்றைத் தொடும் பரப்பைப் பெருக்குவது. குழுவின் மலாய் நண்பர் இதைத் தே தாரிக் என்று சொல்லிவிட்டார். சொன்னது சரி. தேநீரை உயரத்திலிருந்து இழுத்து ஆற்றும்போது நடப்பதும் அதுதான். கோப்பைக்குள் கிடந்தால் மேற்பரப்பு மட்டும் ஆறும். நீண்ட கயிறாக விழும்போது எல்லாப் பக்கமும் காற்றைத் தொடும். எங்கள் அலுமினியத் துண்டு 70 வரை கொண்டுவந்தது.

துண்டுக்கும் சில்லுக்கும் நடுவே வைக்கும் மெத்தென்ற வெப்பத் திண்டில் கவனம் தேவை. இரண்டு உலோகப் பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவே நுண்ணிய இடுக்குகள் இருக்கும், அவற்றில் காற்று இருக்கும். அந்தக் காற்றை விரட்டத்தான் திண்டு. அதன் இரு பக்கமும் கண்ணாடி போன்ற மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். இரண்டையும் உரிக்க வேண்டும்.

விசிறியா, உலோகப் பெட்டியா?

இங்கேதான் எங்கள் குழுவில் சண்டை. சிறிய விசிறி ஒன்றை வைத்ததும் சில்லு 54 டிகிரிக்கு இறங்கியது. எண்ணை மட்டும் பார்த்தால் அதோடு கதை முடிந்தது. குழுவின் மற்றொரு தோழி விசிறிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டி வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில்தான் சாமி மாடம். காலையும் மாலையும் ஊதுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அந்தப் புகையும், சமையலறையிலிருந்து வரும் தாளிப்பு எண்ணெயும், வீட்டுத் தூசும் சேர்ந்து ஒரு சிறு விசிறியின் இறக்கையில் எப்படிப் படியும் என்று யோசித்துப் பாருங்கள். மலிவான விசிறிகள் சில மாதங்களில் முனகத் தொடங்கும், பிறகு நின்றுவிடும். நின்றது யாருக்கும் தெரியாது. விசிறியை நம்பி மூடப்பட்ட பெட்டியில் விசிறி நின்றால் மறுபடி 82தான். போதாக்குறைக்குப் பாட்டி முதல் நாளே எச்சரித்துவிட்டார்: "சத்தம் போட்டா பிடுங்கி வச்சிருவேன். எனக்கு மத்தியானம் ஒலி 96.8 கேக்கணும்."

கடைசியில் சிம் லிம் டவரில் இருபது வெள்ளிக்குள் கிடைத்த முழு அலுமினியப் பெட்டியை வாங்கினோம். இதில் பெட்டியே குளிர்விப்பான். உட்புறத்தில் ஒரு தூண் இறங்கி, திண்டு வழியாகச் சில்லைத் தொடும். வெப்பம் பெட்டி முழுவதும் பரவும். 62 டிகிரி. விசிறியைவிட எட்டு டிகிரி கூடுதல்தான். ஆனால் 80-க்கு இன்னும் 18 டிகிரி இருக்கிறது, நின்றுபோக எந்தப் பாகமும் இல்லை. உலோகம் கம்பியில்லா இணைப்பைக் கொஞ்சம் மங்கச் செய்யும் என்பதால் கம்பி வழி இணையத்தை இழுத்துக் கொடுத்தோம்.

இந்த முடிவு எல்லாருக்கும் பொருந்தாது. 2023இல் வந்த ராஸ்பெரி பை 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது. அதற்குத் தயாரிப்பாளரே விசிறியுடன் கூடிய குளிர்விப்பானை விற்கிறார், பலகையிலேயே விசிறிக்கான இணைப்பும் உண்டு. சில்லு 50 டிகிரியைத் தொட்டதும் அந்த விசிறி சுழலத் தொடங்கும். நம் அறை 31 டிகிரி என்றால் 50 ஒன்றும் தொலைவில் இல்லை.

வெப்பத்தை விரட்டுவதைவிடப் பெரிய பலன் தந்தது, வெப்பத்தை உண்டாக்காமல் இருப்பது. பாட்டி நாற்காலியில் அசையாமல் அமர்ந்து தொடர் பார்க்கும் ஒரு மணி நேரமும் நிரல் விநாடிக்கு எட்டு முறை அவர் முழங்காலைத் தேட வேண்டிய அவசியம் என்ன? இப்போது முதலில் ஓர் எளிய கணக்கு, முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் வேறுபாடு உண்டா என்று பார்க்கும். அசைவு இருந்தால் மட்டுமே கடினமான கணக்கு தொடங்கும். கூடவே உச்ச வேகத்தை 1.2 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொண்டோம். வேகம் குறைந்தால் மின்னழுத்தமும் குறையலாம். சில்லின் மின்சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால் சிறிய குறைப்புக்கே நல்ல பலன். ஏறி இறங்கும் 1.5-ஐவிட, காலையும் மாலையும் மாறாத 1.2 எங்கள் வேலைக்கு மேல். விநாடிக்கு ஆறு படங்கள். ஆறு என்று தெரிந்துவிட்டால் அதற்கேற்ப நிரலை எழுதலாம். சில நேரம் எட்டு, சில நேரம் ஐந்து என்றால் எதை நம்பி எழுதுவது?

இப்போது சில்லு பெரும்பாலான நேரம் 50-க்கும் 55-க்கும் இடையே இருக்கிறது. அந்த மெத்தையை மறுபடி விரித்து, பிற்பகல் மூன்று மணிக்கே சோதித்தோம். நண்பர் விழுந்த ஒவ்வொரு முறையும் செய்தி வந்தது.

இதே சிக்கலை நாடே எதிர்கொள்கிறது என்பது திட்டப்பணி அறிக்கை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்கள் பயன்படுத்தின. அவற்றில் கணிசமான பங்கு குளிரூட்டுவதற்கே போகிறது. வெப்பமண்டலத் தரவு நிலையங்களை 26 டிகிரி அல்லது அதற்கு மேலான வெப்பநிலையில் இயக்குவதற்கான தரநிலையைத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023 ஜூனில் அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடுவரை மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. அங்கும் கேள்வி நாங்கள் கேட்டதுதான்: எவ்வளவு குளிர் போதும்?

எங்கள் பணியில் நான் மிகவும் வலியுறுத்திச் சேர்த்தது ஒரு சிறு பகுதி. பெட்டி தன் வெப்பநிலையையும் விநாடிக்கு எத்தனை படம் பார்க்கிறது என்பதையும் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும். ஏதேனும் ஒன்று எல்லை தாண்டினால் "எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று எங்களுக்குச் செய்தி அனுப்பும். செய்தியே வராமல் இருந்தால் அதுவும் ஒரு செய்தி. அரை மணி நேரம் மௌனமாக இருந்தால் என் கைப்பேசி ஒலிக்கும்.

பெட்டியைப் பொருத்திய மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை அந்தச் செய்தி வந்தது. சில்லு 71 டிகிரி, ஏறிக்கொண்டிருந்தது. பாட்டியை அழைத்தேன். "ஒண்ணும் இல்லம்மா. ஆளுங்க வர்றாங்க, அந்தத் தகரப் பொட்டி பாக்க நல்லா இல்ல. பூப்போட்ட துணி போட்டு மூடி, மேல ஒரு பூச்சாடி வச்சேன். அழகா இருக்கு, நீ வந்து பாரு."

மறுநாள் போனேன். அழகாகத்தான் இருந்தது. இப்போது பெட்டி அலமாரியின் பக்கவாட்டில் செங்குத்தாகத் தொங்குகிறது. வரும் விருந்தினர் கண்ணில் படாது, மேலே எதையும் வைக்கவும் முடியாது. பூப்போட்ட துணியும் பூச்சாடியும் இணைய மோடத்தின் மேல் இருக்கின்றன. அதுவும் சூடாகும் பொருள்தான். அந்தப் பேச்சை இன்னும் எடுக்கவில்லை.